மைலேஜ் கேட்டு வால்வைக் கருக்காதீர்கள்

மறுபடியும் ஒரு நிஸான். ராணுவ ஏலத்தில் போய், இரண்டு மூன்று கை மாறி, குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டக்காரர் ஒருவரிடம் வந்து சேர்ந்த ஒரு டன் வண்டி. “பேச்சிப்பாறை ஏற்றத்துல இழுக்கல்ல ஆசானே, ஒரு சிலிண்டர் அடிக்கல்ல போல” என்று வேறொரு வண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். பிளக்குகளைக் கழற்றினால் ஆறும் வெள்ளை வெளேர். கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம், பார்த்தால் ஒரு சிலிண்டரில் முள் எழவே இல்லை. ஹெட்டை இறக்கினேன். புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வின் விளிம்பில் எலி கடித்த அப்பளம் மாதிரி ஒரு துண்டு காணோம். கார்புரேட்டரைத் திறந்ததும் மிச்சக் கதையும் தெரிந்துவிட்டது. பெட்ரோலை அளந்து விடும் மெயின் ஜெட்டின் துளைக்குள் ஒயரில் இருந்து உருவிய ஒற்றைச் செம்பு இழையைச் செருகி, இரண்டு பக்கமும் மடக்கி வைத்திருந்தார்கள். எதற்கு? மைலேஜுக்காம்.

இதைச் செய்த கை எது என்று நான் கேட்கவில்லை. குமரி மாவட்டத்தில் இப்படிப் பல கைகள் இருக்கின்றன. ஆனால் பழைய பெரிய பெட்ரோல் இன்ஜின் வைத்திருப்பவர்களும், ஆசைப்பட்டு வாங்கப்போகிறவர்களும் ஒரு தடவையாவது இதை வாசித்துவிட்டு ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுங்கள்.

முதலில் அந்த இன்ஜின் என்ன ஜாதி என்று பாருங்கள். ஜோங்கா என்கிற ராணுவ ஜீப்பிலும் நிஸான் ஒரு டன்னிலும் இருப்பது ஆறு சிலிண்டர், 3956 சிசி. போர் (சிலிண்டரின் விட்டம்) 85.7 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 114.3 மில்லிமீட்டர். இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே தெரியும், ஓட்டப்பந்தயத்துக்குப் பிறந்த இன்ஜின் இல்லை இது. மெதுவாகச் சுற்றி, கீழ்ச் சுற்றிலேயே பாரத்தைத் தூக்குகிற ஜாதி. கனமான வார்ப்பிரும்பு பிளாக், குறைந்த கம்ப்ரஷன், நிதானமான ஆர்பிஎம். உழைப்பு என்று நாம் சொல்வது இந்த மூன்றையும்தான். தாகத்துக்கு முக்கியக் காரணமும் இதில் ஒன்றான குறைந்த கம்ப்ரஷன்தான். கம்ப்ரஷன் குறைவாக வைத்தால் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் அடி குறையும், ஆனால் எரிகிற பெட்ரோலில் இருந்து கிடைக்கும் வேலையும் குறையும். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிக் கொடுக்க வழி இல்லை.

அமெரிக்காவில் இதையே பெரிய அளவில் செய்து பார்த்தார்கள். ஜிஎம்சி 1960 முதல் 1965 வரை லாரிக்கென்று ஒரு பன்னிரண்டு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின் செய்தது. 702 கன அங்குலம், நம் கணக்கில் பதினொன்றரை லிட்டர். 275 குதிரைசக்தியை வெறும் 2400 ஆர்பிஎம்மில் கொடுத்துவிடும். லாரியில் இருந்து இறக்கிய பிறகும் அவற்றை வயலுக்குத் தண்ணீர் இறைக்கப் போட்டு ஓட்டினார்கள். ஃபோர்டின் 534 கன அங்குல வி8, 1958-இல் தொடங்கி 1981 வரை வந்தது. பாரம் ஏற்றினால் இந்த மாதிரி லாரிகள் கேலனுக்கு மூன்று, நான்கு மைல் போகும். லிட்டருக்கு ஒன்றரை கிலோமீட்டரைச் சுற்றி. அங்கே பெட்ரோல் மலிவாக இருந்தவரை யாரும் வாய் திறக்கவில்லை. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு கணக்குப் போட ஆரம்பித்தார்கள்.

நம்ம ஊரில் அந்தக் கணக்கை முன்னமே போட்டுவிட்டார்கள். திருவிதாங்கூர் அரசு 1938-இல் பஸ் ஓட்டத் தொடங்கியபோதே இங்கிலாந்து காமர் சேஸிஸில் பெர்கின்ஸ் டீசல் இன்ஜின். அப்புறம் 1954-இல் டாட்டா மெர்சிடிஸ் பென்ஸ் டீசல் லாரி வந்தது, டாட்ஜ், ஃபார்கோ, பெட்ஃபோர்டு பெட்ரோல் லாரிகளின் காலம் மெல்ல முடிந்தது. அவை உழைக்காமல் ஒழியவில்லை. தீனி போட்டுக் கட்டுபடியாகாமல் ஒழிந்தன.

சரி, இப்போது எனக்கு எரிச்சல் மூட்டும் விஷயத்துக்கு வருகிறேன்.

“வண்டி ரொம்பக் குடிக்குது, அப்ப கார்புரேட்டர்ல கோளாறு, ஜெட்டைச் சின்னதாக்கு.” இதுதான் எல்லோரும் சொல்லும் வைத்தியம். பெட்ரோலைக் குறைத்தால் செலவு குறையும் என்று நினைக்கிறார்கள். ஐயா, ஒன்றரை டன் பாரத்தை மலை மேல் ஏற்ற எவ்வளவு சக்தி வேண்டுமோ அவ்வளவு வேண்டும். குழாயை நெருக்கினால் மலை தாழ்ந்துவிடாது. இன்ஜின் இழுக்காததால் டிரைவர் ஆக்சிலேட்டரை இன்னும் மிதிப்பார், கீழ் கியருக்கு இறங்குவார், பத்து நிமிஷத்தில் ஏறும் ஏற்றத்தைக் கால் மணி நேரம் முக்கி முக்கி ஏறுவார். எங்கே மிச்சம்?

இன்னொன்று. சமதளத்தில் நிதானமாக ஓடும்போது எடைக் கணக்கில் பெட்ரோல் ஒரு பங்குக்குக் காற்று 14.7 பங்கு இருந்தால் போதும். பாரத்தோடு ஏற்றம் ஏறும்போது அதே இன்ஜினுக்குப் பன்னிரண்டரை, பதின்மூன்று பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் வேண்டும். கார்புரேட்டருக்குள் பவர் வால்வு என்று ஒன்று இருப்பதே அந்த நேரத்தில் திறந்து கூடுதலாகக் கொடுப்பதற்குத்தான். அந்தக் கூடுதல் பெட்ரோல் வீண் இல்லை, எரியும் அறையின் சூட்டைத் தணிப்பதும் அதுதான். அதைப் பறித்தால் பெட்ரோல்-காற்றுக் கலவை மெதுவாக எரிகிறது. எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும் நேரத்திலும் நெருப்பு அணையாமல் அதன் விளிம்பை நக்கிக்கொண்டு போகிறது. அந்த வால்வு ஆறுவது முக்கியமாக ஹெட்டில் உள்ள தன் சீட்டில் போய் உட்காரும் அந்தச் சின்ன நேரத்தில்தான். ஆற விடாமல் ஏற்றம் முழுக்க வாட்டினால் எவ்வளவு கனமான வால்வாக இருந்தாலும் கருகும். பிளாக் நூறு வருஷம் நிற்கட்டும், வால்வு ஒரு பேச்சிப்பாறைப் பயணத்தில் போய்விடும்.

“ஆனா ஜெட்டை மாத்தினதும் மைலேஜ் கூடிச்சே?” என்பார்கள். கூடியிருக்கும். நாகர்கோவிலில் இருந்து கன்னியாகுமரிக்குக் காலி வண்டியில் போய்ப் பார்த்திருப்பீர்கள். அதே வண்டியில் விறகு ஏற்றிக் கீரிப்பாறைப் பக்கம் ஏறிப் பாருங்கள். இல்லை, வேண்டாம், பார்க்காதீர்கள்.

பெட்ரோல் குழாயில் காந்தம் கட்டுவது, டாங்கில் மாத்திரை போடுவது, தண்ணீரில் இருந்து வாயு எடுக்கிற பெட்டி மாட்டுவது, இவற்றைப் பற்றி எழுத எனக்குப் பொறுமை இல்லை. அந்தக் காசுக்கு ஆயில் மாற்றுங்கள். விலை கூடிய பிரீமியம் பெட்ரோலும் அப்படித்தான். இவ்வளவு குறைந்த கம்ப்ரஷனுக்குப் பெட்ரோல் பங்கில் கிடைக்கும் சாதாரண பெட்ரோலின் ஆக்டேனே தாராளம்.

இயல்பான தாகம் வேறு, நோயால் வரும் தாகம் வேறு. நல்ல நிலையில் உள்ள ஜோங்கா லிட்டருக்கு நாலு, அஞ்சு கிலோமீட்டர் கொடுத்தால் அதோடு திருப்திப்படுங்கள். ரெண்டரை என்றால் நோய். ஆனால் அந்த நோய் பெரும்பாலும் ஜெட்டில் இருக்காது. சோக் தகடு முழுதாகத் திறக்கிறதா? நான்கு சக்கரத்தையும் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள், பிரேக் பிடித்துக்கொண்டு நிற்கிறதா? முன் ஆக்சிலை (நாலு சக்கர இழுவையை) போட்டது போட்டபடி தார் ரோட்டில் ஓட்டுகிறீர்களா? (சிரிக்காதீர்கள், இதுவும் வருகிறது.) டயரில் காற்று எவ்வளவு? டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட் தேய்ந்து டைமிங் பின்னால் போயிருக்கிறதா? கல்யாண ஊர்வலத்திலும் கோயில் கொடையிலும் பாட்டுப் போட்டு மணிக்கணக்கில் ஐடிலிங்கில் நிறுத்துகிறீர்களே, நாலு லிட்டர் இன்ஜின் சும்மா நின்றாலே மணிக்கு இரண்டு லிட்டரை ஒட்டிக் குடிக்கும். அதையும் சேர்த்துவிட்டு மைலேஜ் இல்லை என்று என்னிடம் வந்தால் நான் என்ன செய்ய?

இன்ஜின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட்டின் கதை தனி. “சூடாகுது, கழற்றிப் போட்டாச்சு” என்று பெருமையாகச் சொல்வார்கள். சூடாவதற்குக் காரணம் பெரும்பாலும் ரேடியேட்டர் அடைப்பு. குளச்சல், முட்டம் பக்கத்து உப்புக் கிணற்றுத் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் உள்ளே துரு பிடிக்காமல் என்ன செய்யும்? தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கினால் மழைக்காலத்தில் இன்ஜின் சூடேறவே ஏறாது. குளிர்ந்த இன்ஜினில் பெட்ரோல் ஆவியாகாமல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலைக் கழுவிவிட்டு, அடியில் ஆயில் நிற்கும் சம்ப்புக்குள் இறங்கும். ஆயில் குச்சியை உருவி மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் அன்றைக்கே ஆயிலை மாற்றுங்கள், அப்புறம் காரணத்தைத் தேடுங்கள்.

இப்போது புதிதாக ஒரு தலைவலி சேர்ந்திருக்கிறது, எத்தனால். பங்கில் இன்று கிடைப்பது பெரும்பாலும் 20 சதவீதம் எத்தனால் கலந்தது. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் சக்தி, பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான். அதனால் இந்தக் கலவையில் லிட்டருக்கு ஏழு சதவீதம் போல சக்தி குறைவு. மைலேஜ் குறைவதில் ஒரு பங்கு அது, வண்டியைத் திட்டாதீர்கள். அதைவிட முக்கியம், எத்தனாலுக்குக் காற்று குறைவாகப் போதும். புது வண்டியில் கம்ப்யூட்டர் சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டருக்கு அதெல்லாம் தெரியாது, பழைய கணக்கில்தான் கொடுக்கும். ஆக, கை வைக்காத கார்புரேட்டரே இந்தப் பெட்ரோலில் கொஞ்சம் வறட்சியாகத்தான், அதாவது காற்று கூடி எரிபொருள் குறைந்துதான், ஓடுகிறது. அதில் போய் செம்பு இழையும் செருகினால்?

இந்தப் பெட்ரோலுக்கு ஜெட்டை ஒரு படி பெரிதாக்க வேண்டியதுகூட வரலாம். பிளக்கைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஏற்றத்தில் பாரத்தோடு ஓட்டி, அங்கேயே நிறுத்தி, இன்ஜின் கொஞ்சம் ஆறியதும் கழற்றிப் பாருங்கள். சாயா நிறத்தில் இருந்தால் கொள்ளாம். வெள்ளை என்றால் வறட்சி, கரி என்றால் அதிகம்.

மிகப் பழைய ஃபார்கோ, ஷெவர்லே வைத்திருப்பவர்கள் கார்புரேட்டர் மிதவையையும் பாருங்கள். கார்க்கில் செய்து அரக்குப் பூசியதாக இருந்தால் எத்தனால் அந்தப் பூச்சைக் கரைத்துவிடும். கார்க் பெட்ரோலைக் குடித்துக் கனத்து முங்கும், பெட்ரோல் வழியத் தொடங்கும். பித்தளை மிதவைக்கு மாற்றுங்கள். பம்ப் டயாஃப்ரம், ரப்பர் ஹோஸ் எல்லாமே எத்தனால் தாங்கும் ரகமாகப் போடுங்கள். ரெண்டு பருவ மழையும் பெய்கிற ஊர் இது, காற்றில் எப்போதும் ஈரம். டாங்கைக் கால்வாசி வைத்து மாதக்கணக்கில் நிறுத்தாதீர்கள், எத்தனால் ஈரத்தை இழுத்துச் சேர்த்து அடியில் தண்ணீராகத் தங்கும்.

வால்வைப் பற்றி இன்னொரு வார்த்தை. 2000 பிப்ரவரியில் நாடு முழுக்க ஈயம் இல்லாத பெட்ரோல் வந்தது. பழைய வார்ப்பிரும்பு ஹெட்டில் சீட்டும் அதே இரும்பில் வெட்டியிருந்தால், அதுவரை காப்பாற்றிக்கொண்டிருந்தது ஈயம். அது போனபிறகு பாரத்தில் சீட் தேய்ந்து வால்வு உள்ளே இறங்கும், வால்வுக்கும் அதை அழுத்தும் டாப்பெட்டுக்கும் உள்ள இடைவெளி குறையும். ஒவ்வொரு தடவை செட் பண்ணும்போதும் இடைவெளி இறுகிக்கொண்டே வந்தால் அதுதான் அறிகுறி. டாப்பெட் சத்தம் கேட்டால் பயப்படுவீர்கள். சத்தமே இல்லை என்றால்தான் நான் பயப்படுவேன். ஹெட் எப்படியும் இறங்குகிறது என்றால், லேத்தில் கொடுத்து எக்ஸாஸ்ட் பக்கம் கடினமான சீட் வளையம் அடித்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் வேண்டாம், டீசல் இன்ஜினைத் தூக்கி வைத்துவிடுகிறேன் என்பவர்களை நான் தடுக்கவில்லை. தோட்ட வேலைக்குத் தினமும் ஓடுகிற வண்டி என்றால் அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி முன்கூட்டியே ஆர்டிஓ அனுமதி வேண்டும், ஆர்சியில் ஏற வேண்டும். மாட்டிவிட்டு அப்புறம் பார்க்கலாம் என்றால் விபத்து நாளில் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

கடைசியாக, இதை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். வெயிலில் பெட்ரோல் ஆவியாகிப் பம்ப் இழுக்கவில்லை என்று, புதுக் காரில் இருந்து கழற்றிய இன்ஜெக்‌ஷன் எலக்ட்ரிக் பம்பை மாட்டுகிறார்கள். அது நாற்பது பிஎஸ்ஐ அழுத்தத்துக்கு மேல் தள்ளும். பழைய கார்புரேட்டர் ஊசி தாங்குவது மூன்று, நான்கு, அதிகம் போனால் ஐந்து. மிச்சப் பெட்ரோல் வழிந்து கொதிக்கிற எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் மேல் விழும். மக்களே, அந்தப் பம்பை இன்றைக்கே கழற்றுங்கள். ஆவியாகிறது என்றால் குழாயை எக்ஸாஸ்டில் இருந்து விலக்கிக் கட்டி, நடுவில் ஒரு தகடு மறைப்புக் கொடுத்தாலே பாதிக்கு மேல் தீர்ந்துவிடும். எலக்ட்ரிக் பம்ப்தான் வேண்டும் என்றால் கார்புரேட்டருக்கென்று உள்ள குறைந்த அழுத்தப் பம்பைக் கேட்டு வாங்குங்கள், இன்ஜினை ஆஃப் செய்தால் தானாக நிற்கிற மாதிரி ரிலே வைத்து இணையுங்கள். கேபினில் டிரைவர் கைக்கு எட்டும் இடத்தில் இரண்டு கிலோ பவுடர் தீயணைப்பான் ஒன்று இருக்கட்டும், சீட்டுக்கு அடியில் சாமான்களுக்குக் கீழே வேண்டாம்.