தேங்காய் தெற்கே போனது, பாட்டில் கரைக்கு வந்தது

தமிழ்நாட்டின் மேற்குக் கரையில் கடைசி ஊர் நீரோடி. கொஞ்சம் நடந்தால் கேரளத்தின் பொழியூர் வந்துவிடும். நாம் எந்த மாநிலத்தில் நிற்கிறோம் என்பதில் கைப்பேசிக்கு இங்கே எப்போதும் குழப்பம்தான். இரவில் மணலில் உட்கார்ந்தால் தொலைவில் கப்பல் விளக்குகள் ஒன்றன் பின் ஒன்றாக நகரும். விழிஞ்ஞத்துக்கு வெளியே ஏறத்தாழ 10 கடல் மைலில் பன்னாட்டுக் கப்பல் தடம் போகிறது. என்றைக்காவது அவற்றில் ஒன்று மட்டும் கல்யாண வீடு போல ஒளிரும். அது சுற்றுலாப் பயணிகளின் சொகுசுக் கப்பல்.

அப்படி ஒன்றைப் பார்த்த இரவில்தான் அக்காள் மகன் கேட்டான்: “மாமா, அதிலிருந்து ஒருவர் விழுந்துவிட்டால், திரும்பிப் போய் எடுத்துவிடலாம்தானே?”

மறுநாள் காலையில் அவனைத் தூண்டில் வளைவுக்குக் கூட்டிப்போனேன். கடல் அரிப்பைத் தடுக்கக் கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிக் கொட்டிய பாறை வரிசைக்கு இங்கே அதுதான் பெயர். கையில் ஒரு நெற்றுத் தேங்காயும், மூடி இறுக்கிய காலித் தண்ணீர் பாட்டிலும். இரண்டையும் ஒரே நேரத்தில் எறியச் சொன்னேன். கடலிலிருந்து கரைக்கு வீசும் கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்தது. பாட்டில் தண்ணீரை ஏறத்தாழ தொடாமலே வழுக்கிக்கொண்டு சில நிமிடங்களில் பாறைக்கே திரும்பி வந்துவிட்டது. தேங்காயோ முக்கால்வாசி முழுகி, காற்றைச் சட்டை செய்யாமல், கரைக்கு இணையாகத் தெற்கே வள்ளவிளைப் பக்கம் போகத் தொடங்கியது. ஓர் அலை ஏறும்போது தெரியும், இறங்கும்போது மறையும். நூறு மீட்டர்கூடப் போயிருக்காது, அவன் அதைத் தொலைத்துவிட்டான். “இதோ, அதோ” என்று அவன் காட்டிய மூன்று இடத்திலும் வெறும் நுரை. கடலில் மிதக்கும் மனிதன் வெளியே காட்டுவது அந்தத் தேங்காய் அளவுதான், தலை மட்டும். (கரையோரத்தில் அலைகளே உண்டாக்கும் ஓட்டமும் சேர்ந்திருக்கும்; ஆழ்கடலின் கணக்கு வேறு. ஆனாலும் பாடம் புரிந்துவிட்டது.)

இனி கப்பலுக்குப் போவோம். மணிக்கு 20 கடல் மைல், அதாவது 37 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கப்பல் நொடிக்குப் பத்து மீட்டர் கடக்கும். 300 மீட்டர் நீளக் கப்பல், விழுந்தவரை முழுவதுமாகக் கடந்து போக அரை நிமிடம் போதும். மேல்தளத்திலிருந்து 20 மீட்டர் கீழே விழ இரண்டு நொடி ஆகும். தண்ணீரைத் தொடும்போது வேகம் மணிக்கு 70 கிலோமீட்டர். அந்த வேகத்தில் தண்ணீர் ஒன்றும் பஞ்சு மெத்தை இல்லை.

யாராவது பார்த்துவிட்டால் நடப்பவை மளமளவென்று நடக்கும். முதலில் மிதவை வளையத்தை எறிவார்கள். அவற்றில் சிலவற்றில் தானாகவே எரியும் விளக்கும் புகைக்குப்பியும் உண்டு. விளக்கு குறைந்தது 2 மணி நேரமும் புகை 15 நிமிடமும் தாக்குப்பிடிக்க வேண்டும் என்பது விதி. பார்த்தவர் கையை நீட்டிக் காட்டிக்கொண்டே நிற்பார். கண்ணை எடுத்தால் ஆள் போச்சு என்று அவருக்குத் தெரியும். மேலே சுக்கான் பிடிப்பவர், விழுந்தவர் எந்தப் பக்கமோ அந்தப் பக்கமே கப்பலை ஒடிப்பார். கேட்க விபரீதமாக இருக்கும். ஆனால் முன்பகுதி வலப்பக்கம் திரும்பினால் பின்பகுதி இடப்பக்கம் விலகும். அங்கே தண்ணீருக்குள் சுழலும் விசிறியும் ஆளைவிட்டு விலகிவிடும். திசை 60 பாகை மாறியதும் சுக்கானை எதிர்ப்பக்கம் முழுவதும் திருப்பினால், கப்பல் ஒரு பெரிய வளையம் அடித்து, வந்த தடத்திலேயே நேர் எதிராக வந்து நிற்கும். இதற்கு வில்லியம்சன் திருப்பம் என்று பெயர். இருட்டிலும் மூட்டத்திலும், விழுந்த புள்ளி சரியாகத் தெரியாதபோதும் இதுதான் கை கொடுக்கும். இடம் தெரியாவிட்டாலும் தடம் தெரியுமே.

பெரும் சங்கடம், யாரும் பார்க்காமல் விழுவது. இரவு பதினொரு மணிக்குப் பிறகு கணவரைக் காணவில்லை என்று மனைவி காலை ஒன்பது மணிக்குச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கப்பலுக்குள்ளேயே தேடுவார்கள். ஒலிபெருக்கியில் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அறைக் கதவின் அட்டை எந்த நிமிடம் கடைசியாகத் திறந்தது, எங்கே கடைசியாகப் பணம் கட்டினார் என்ற பதிவுகளை எடுப்பார்கள். பிறகு கேமராப் பதிவுகளை மணிக்கணக்கில் பின்னோக்கி ஓட்டுவார்கள். அதற்குள் கப்பல் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. பத்து மணி நேரத்தில் 370 கிலோமீட்டர். நீரோடியிலிருந்து கோழிக்கோட்டுக்கு நேர்கோடு போட்டால் ஏறத்தாழ அவ்வளவு நீளம். அந்தக் கோட்டில் எந்தப் புள்ளியிலும் அவர் விழுந்திருக்கலாம். கேமராவில் ஒரு நிழல் விழும் நொடி கிடைத்துவிட்டால் 370 கிலோமீட்டர் ஒரே புள்ளியாகச் சுருங்கிவிடும். கப்பலின் ஜி.பி.எஸ். பதிவு அந்த நொடியில் கப்பல் எங்கே இருந்தது என்பதைச் சொல்லிவிடும்.

இதற்காகவே வெப்பக் கேமராவையும் ரேடாரையும் கப்பலின் பக்கவாட்டில் பொருத்தி, விழும் உடலைத் தானாகக் கண்டறிந்து மணியடிக்கும் கருவிகள் வந்திருக்கின்றன. கடற்பறவை, காற்றில் பறக்கும் துண்டு, சிதறும் அலை எல்லாம் மணியடித்தால் மூன்றாம் நாள் யாரும் மணியை மதிக்க மாட்டார்கள். கருவிக்குச் சவால் அங்கேதான். அமெரிக்கா 2010இல் கொண்டுவந்த சொகுசுக் கப்பல் பாதுகாப்புச் சட்டம் கைப்பிடிக் கம்பியின் உயரத்தை 42 அங்குலம் என்று கறாராகச் சொன்னது. விழுபவரைக் கண்டறியும் கருவியைப் பற்றிப் பேசும்போது மட்டும், அத்தகைய தொழில்நுட்பம் கிடைக்கும் அளவுக்கு என்று ஒரு வாலைச் சேர்த்தது. சட்டத்தில் இப்படிப்பட்ட வால் எதற்கு உதவும் என்பது நமக்குத் தெரியாததா?

சரி, விழுந்த நொடி தெரிந்துவிட்டது என்றே இருக்கட்டும். அங்கே போனால் ஆள் இருப்பாரா? தேங்காய்தான் பதில் சொல்லிவிட்டதே. நொடிக்கு அரை மீட்டர் ஓடும் நீரோட்டம் பத்து மணி நேரத்தில் ஒருவரை 18 கிலோமீட்டர் கொண்டுபோய்விடும். எங்கள் ஊரில் நீரோட்டத்தை நீவாடு என்பார்கள். இந்தக் கடலின் நீவாடு ஆண்டுக்கு இரண்டு முறை முகம் மாற்றும். தென்மேற்குப் பருவக்காற்றின் மாதங்களில் கேரளக் கரையோரம் தெற்கு நோக்கி ஓடும். குளிர்காலத்தில் வடக்கு நோக்கித் திரும்பும். 2025 மே மாதம் கொச்சிக்கு வெளியே எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் மூழ்கியபோது அதன் கன்டெய்னர்கள் தெற்கே கொல்லம் கரையில் ஒதுங்கின; அதிலிருந்த பிளாஸ்டிக் மணிகள் எங்கள் மாவட்டக் கரைவரை வந்தன. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் எங்கள் படகுகளை அடித்துப் போட்ட பிறகோ, டிசம்பரில் உடல்கள் வடக்கே கோழிக்கோட்டுக் கடல்வரை கிடைத்தன. அதற்கு மேல் இங்கே எழுத எனக்கு மனமில்லை.

நீவாட்டோடு காற்றும் தள்ளும், ஆனால் எல்லாரையும் ஒரே மாதிரி தள்ளாது. தண்ணீருக்குள் கிடக்கும் மனித உடல் காற்றின் வேகத்தில் ஏறத்தாழ ஒரு சதவீதம்தான் நகரும். உயரமாக மிதக்கும் ரப்பர் படகு நான்கு சதவீதம்கூடப் போகும். மணிக்கு 30 கிலோமீட்டர் காற்றில் பத்து மணி நேரம் என்றால் ஒன்று 3 கிலோமீட்டர், மற்றொன்று 12. போதாக்குறைக்கு, பல பொருள்கள் காற்று அடிக்கும் திசையிலேயே நேராகப் போவதும் இல்லை. வலமோ இடமோ சாய்ந்து போகும். எந்தப் பக்கம் சாயும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

அதனால் கணினி ஒரே ஒரு ஆளைக் கணக்குப் போடாது. ஆயிரக்கணக்கான கற்பனை ஆட்களைக் கடலில் விடும். ஒவ்வொருவருக்கும் நேரத்தை, காற்றை, நீரோட்டத்தைச் சற்றே மாற்றிக் கொடுக்கும். அவர்கள் எங்கே அதிகமாகக் குவிகிறார்களோ அங்கே தேடு என்று வரைபடத்தில் நிறம் தீட்டும். ஹைதராபாதில் உள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் 2016இல் வெளியிட்ட சரத் என்ற கருவி இந்த வழியில்தான் வேலை செய்கிறது. மனிதன், படகு என்று 60 வகைப் பொருள்களில் எது தொலைந்தது என்று அதில் தேர்ந்தெடுக்கலாம்.

வரைபடம் கிடைத்தாலும் கண்ணுக்கு ஆள் கிடைக்க வேண்டுமே. ஹெலிகாப்டரிலிருந்து பார்த்தால், மிதவை உடுப்பு இல்லாத தலை நம்பகமாகத் தெரியும் பட்டையின் அகலம் 200 மீட்டருக்குள்தான். மணிக்கு 111 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தால் ஒரு மணி நேரத்தில் தேடி முடிப்பது ஏறத்தாழ 20 சதுர கிலோமீட்டர். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படைக்காக இந்தக் கணக்கைப் போட்டவர் பெர்னார்ட் கூப்மன். ஒரு பகுதியின் பரப்பளவுக்குச் சமமாகத் தேடி முடித்தாலும், ஒழுங்கில்லாத தேடலில் கண்டுபிடிக்கும் வாய்ப்பு 63 சதவீதம்தான் என்றார். அதே பரப்பை இரண்டு மடங்கு தேடினால் 86. ஆகவே “அங்கே பார்த்தாயிற்று, இல்லை” என்று எந்தத் தேடல் அதிகாரியும் வரைபடத்தில் ஒரு கட்டத்தை அடித்துவிடுவதில்லை. ஒரு கட்டத்தில் ஆள் இருக்க 40 சதவீத வாய்ப்பு இருந்தது, 63 சதவீதத் திறனோடு தேடியும் கிடைக்கவில்லை என்றால், அதன் வாய்ப்பு 20 சதவீதமாகக் குறையும், பூஜ்யம் ஆகாது. மற்றக் கட்டங்களின் வாய்ப்பு அந்த அளவுக்கு உயரும். கிடைக்காமல் போன ஒவ்வொரு மணி நேரமும் வரைபடத்தைத் திருத்துகிறது.

இதற்கிடையே அவர் உயிரோடு இருக்க வேண்டும். தண்ணீர் உடல் சூட்டைக் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உறிஞ்சும். நம் கடலோ பெரும்பாலும் 28 பாகை செல்சியஸை ஒட்டியே இருப்பதால் குளிர் சீக்கிரம் கொல்லாது. களைப்பும் தாகமும் வெயிலும் அந்த வேலையைப் பார்க்கும். 2022 நவம்பரில் மெக்சிகோ வளைகுடாவில் சொகுசுக் கப்பலிலிருந்து விழுந்த ஓர் இளைஞர், 15 மணி நேரத்துக்கும் மேல் கடலில் கிடந்தபின் மீட்கப்பட்டார். அவ்வழியே போன ஒரு சரக்குக் கப்பல்தான் அவரைப் பார்த்துத் தகவல் கொடுத்தது.

தேடும் விமானங்கள் சில நேரம் ஆள் விழுந்த இடத்தில் ஒரு மிதவையைப் போடும். அதன் பெரும்பகுதி தண்ணீருக்குள் இருக்கும். நீவாட்டோடு நகர்ந்துகொண்டே தன் இருப்பிடத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும். இதை ஊரில் ஒரு பெரியவரிடம் சொன்னேன். நாற்பது ஆண்டு ஆயிரங்கால் தூண்டிலோடு சுறாவுக்குப் போனவர். அவருக்கு இதில் வியப்பே இல்லை. “மக்களே, இரவில் ஆள் விழுந்தால் நாங்களும் விளக்குக் கட்டிய கேனைத்தான் முதலில் கடலில் விடுவோம். அவன் பிடித்தால் பிழைப்பான். பிடிக்காவிட்டாலும் கேன் போகிற வழியில்தானே அவனும் போவான்.”

கரையில் யாரையாவது காணவில்லை என்று செய்தி வந்தால், இந்திய கடலோரக் காவல் படையின் 1554க்கு அழைக்கச் சொல்லிவிட்டு அவர் மூன்று கேள்வி கேட்பார். எத்தனை மணிக்கு? கையில் மிதக்க ஏதாவது கிடைத்திருக்குமா? நீவாடு எந்தப் பக்கம்? சரத் கருவியின் படிவத்தில் முதல் இரண்டையும் நாம் நிரப்ப வேண்டும். மூன்றாவதை அது தானே பார்த்துக்கொள்ளும்.