'அறிவார்ந்த குப்பைத் தொட்டி': அறிவு யாருக்கு?

பொறியியல் கல்லூரிக் கண்காட்சி என்றால் சேலத்தில் ஒரு மேசையிலாவது குப்பைத் தொட்டி நிற்கும். மூடிக்கு அடியில் குப்பை எவ்வளவு நிரம்பியது என்று அளக்கும் இரண்டு வட்டக் கண், பக்கத்தில் ஓர் அட்டை: 'அறிவார்ந்த குப்பைத் தொட்டி'. ஆங்கில 'ஸ்மார்ட் பின்'னுக்குத் தமிழாம். அட்டையில் இருந்த பெயர் செய்திக்கும் அறிவிப்புக்கும் போய்விட்டது. டெண்டரிலும் ஏறுவதற்குள் சொல்லிவிடலாம்: இந்தப் பெயர் தப்பு.

ஸ்மார்ட் என்ற சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் சுள்ளென்று வலித்தல் என்று பொருள். வலி கூர்மையாகி, கூர்மை சுறுசுறுப்பாகி, அது புத்திசாலித்தனத்தில் வந்து நின்றது. கருவிகளோடு ஒட்டிக்கொண்டது 20ஆம் நூற்றாண்டின் பின்பாதியில். நம் குப்பை வெறும் குவியல்தான். நற்றிணையில் உப்புக் குவியலும் குப்பை, சிவகங்கைப் பக்கம் நெற்குப்பை என்றே ஊர் உண்டு. தொட்டியை, தோண்டு எனப் பொருள்படும் 'தொடு'வோடு சேர்த்துச் சொல்வார்கள். வேர் தோண்டுவது இத்தோடு போதும்.

'அறிவார்ந்த' என்ற அடை தனக்கு அடுத்து நிற்கும் பெயரைத்தான் முதலில் பிடிக்கும். அடுத்து நிற்பது குப்பை. ஆக அறிவெல்லாம் குப்பைக்குப் போய்விடுகிறது, தொட்டிக்கு மிச்சமில்லை. இடம் மாற்றி 'அறிவார்ந்த தொட்டி' என்றாலும் ஒப்பாது. ஆர்ந்த என்றால் நிறைந்த. மேடையில் 'அறிவார்ந்த அவையோரே' என்று கூப்பிடுகிற சொல். மூடிக்கடியில் இருக்கும் கருவிக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, தனக்கும் குப்பைக்கும் எவ்வளவு தூரம் என்பது.

சேலம் 2016இல் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் சேர்ந்தது. அரசுத் தமிழில் அது 'சீர்மிகு நகரம்'. 'பொலிவுறு நகரம்' என்றும் எழுதினார்கள். நகரத்துக்குச் சீரும் பொலிவும் இருந்துவிட்டுப் போகட்டும். 'பொலிவுறு குப்பைத் தொட்டி' என்றால் பெயின்ட் அடித்த தொட்டி என்றல்லவா ஆகும்? திறன்பேசி நிலைத்துவிட்டதே, 'திறன்தொட்டி' எனலாமே என்பார்கள். என்ன திறன் என்று கேட்டால் பதில் வராது. 'சூட்டிகை' நல்ல இணை: அங்கே வலியிலிருந்து வந்த கூர்மை, இங்கே சூட்டை நினைவூட்டும் சொல். ஆனால் சூட்டிகை பிள்ளைகளுக்குச் சொல்வது. தொட்டியில் சூடு என்றால் நம் ஊரில் யாரோ உள்ளே தீ வைத்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

கருவி செய்வதைப் பார்த்தால் பெயர் தானே வரும். உணரி, அதாவது கண் போல இருக்கும் அந்த சென்சார், காதுக்கு எட்டாத 40 கிலோஹெர்ட்ஸ் ஒலியைக் கீழே அனுப்புகிறது. அது குப்பையில் பட்டுத் திரும்பும் நேரத்தை ஒலியின் வேகத்தால் பெருக்கி இரண்டால் வகுத்தால் தூரம். 1,100 லிட்டர் நாலுசக்கரத் தொட்டியில் உணரியிலிருந்து அடிவரை 120 செ.மீ. என்று பதிந்து வைத்திருந்தால், 30 செ.மீ. காட்டும்போது முக்கால் தொட்டி நிரம்பிவிட்டது. வெயில் பெரிய தொல்லை இல்லை: 20 டிகிரி 40 ஆனால் ஒரு மீட்டருக்கு மூன்றரை செ.மீ. பிசகும், அவ்வளவுதான். தொல்லை வேறு இடத்தில். செவ்வாய்ப்பேட்டைத் தொட்டியில் மேலாக ஒரு கோணிச்சாக்கு விழுந்தால் ஒலியை அது விழுங்கிவிடும். வாழைத்தண்டு ஒன்று நட்டுக்க நின்றால் அரைத்தொட்டியும் 'நிரம்பியாச்சு' என்னும். ஏற்காட்டில் மூடுபனி கண்ணில் நீராகப் படியும். குரங்கு மூடியைத் திறந்து போட்டுவிட்டால் உணரி பார்ப்பது குப்பையை அல்ல, வெளியை. எதிரொலி வராததைக் 'காலி' என்று எடுத்துக்கொள்ளும்படி நிரல் எழுதியிருந்தால், வழிகிற தொட்டி அலுவலகத் திரையில் பச்சையாகவே இருக்கும். விவரம் தெரிந்தவர்கள் ஐந்து முறை அளந்து நடுமதிப்பை எடுப்பார்கள், எதிரொலி இல்லையென்றால் 'பழுது' என்று தனியே காட்டுவார்கள், 80 விழுக்காடு அடுத்தடுத்து இருமுறை வந்தால்தான் வண்டிக்குச் சொல்வார்கள். ஒரு சாக்கிடம் ஏமாறுகிறதைப் போய் அறிவார்ந்தது என்பதா?

இந்த மாவட்டத்துக்காரர்களுக்குப் புதுச்சொல்லே தேவையில்லை. மேட்டூர் அணை நீர்மட்டம் எத்தனை அடி என்று படித்து வளர்ந்தவர்கள். அங்கே 120 அடி, இங்கே 120 செ.மீ. அது நீர்மட்டம், இது குப்பைமட்டம். கொத்தனார் கையில் ரசமட்டமும் உண்டு. ஆகவே மட்டங்காட்டித் தொட்டி. 'மட்டமான தொட்டி' என்று கேலி செய்வார்களே என்றால், மேட்டூர் நீர்மட்டத்தை யாரும் அப்படிப் படித்ததில்லை. 'நிறைகாட்டி' வேண்டாம். பாடநூலில் நிறை வேறு, அது எடையின் பங்காளி. பூ மார்க்கெட்டில் வாடிய பூவும் வாழைநாரும் வாய்வரை நிரம்பினாலும் தொட்டி லேசாகத்தான் இருக்கும்; மாம்பழ சீசனில் தோலும் கொட்டையும் பாதி இருந்தாலே தள்ள ஆள் வேண்டும். மட்டம் ஒன்று, எடை ஒன்று.

இன்னொரு கருவியும் இதே 'அறிவார்ந்த' பெயரில் ஒளிந்திருக்கிறது: போட்டதைப் பார்த்து, உலோகமா, ஈரமா, உலர்ந்ததா என்று அறிந்து, உள்ளே பலகையைத் திருப்பித் தள்ளுவது. அது வகைபிரி தொட்டி. 'தரம்பிரிக்கும்' என்று எழுதுகிறார்கள். மண்டியில் மாம்பழத்தைத் தரம் பிரிப்பார்கள், குப்பையில் முதல்தரம் எது? தெருவில் 'பிரிச்சுக் குடுங்க' என்று கேட்கும் தூய்மைப் பணியாளர் மொழிபெயர்ப்பாளரைவிடச் சரியாகப் பேசுகிறார். ஒரு நேரத்தில் ஒரு பொருள் போட்டால்தான் இந்தத் தொட்டிக்கு வேலை ஓடும். முடிச்சுப் போட்ட கேரிபேக்கை வீசினால் அதற்குத் தெரிவது பையின் வெளிப்புறம். உள்ளே ஊசிப்போன சாம்பார். தட்டுவடை செட் தின்ற காகிதத் தட்டு இன்னும் மோசம்: சட்னி ஈரத்தைக் கண்டு 'மக்கும்' பக்கம் தள்ளும், தட்டின் மேலோ மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு. அதுவே உரக்குழிக்குப் போகிறது.

உரம் என்றதும் 'நுண்ணுர மையம்' நினைவுக்கு வருகிறது. உரம் சிறிய அளவில் தயாராகும் இடம்; விவசாயி காதில் அது துத்தநாகமும் போரானும் விற்கும் நுண்ணூட்டக் கடை. 'சிறு உரக்கூடம்' என்றால் குறைந்தா போகும்?

தொட்டியின் மேல் எழுத மட்டங்காட்டி என்ற பெயர்கூட வேண்டாம், அது பதிவேட்டுக்கும் டெண்டருக்கும். மூடியில் 'போட்டதும் மூடுங்கள்', வகைபிரி தொட்டியில் 'பையைப் பிரித்து ஒவ்வொன்றாகப் போடுங்கள்'. ஏற்காட்டில் மட்டும் மூடிக்கு ஒரு கொக்கியும் சேர்த்து.