ஒரே மூலிகை, ஊருக்கு ஒரு வீரியம்

செங்கோட்டையில் சித்த மருத்துவம் பார்க்கிற எனக்கு அடிக்கடி வரும் கேள்வி: "நிலவேம்புன்னா நிலவேம்புதானே டாக்டர், எங்கே வளர்ந்தா என்ன?"

அப்படி இல்லை. எங்கே வளர்ந்தது, எப்போது பறித்தது, எப்படிக் காய்ந்தது என்பதைப் பொறுத்து ஒரே செடியின் வீரியம் கணிசமாக மாறும். எங்கள் பக்கத்தையே பாருங்கள். ஜூனில் ஆரியங்காவு கணவாய் வழியாகக் காற்று நுழைந்தால் இங்கே சாரல், சங்கரன்கோவில் பக்கம் போனால் அதே நாளில் கரிசலில் வெயில் காய்கிறது, கணவாயைத் தாண்டிப் புனலூர் போனாலோ மழை கொட்டுகிறது. செடியால் ஓடி ஒளிய முடியாது. பூச்சி கடித்தாலும் வெயில் அடித்தாலும் தண்ணீர் வற்றினாலும் நின்ற இடத்திலேயே சமாளிக்க வேண்டும். அப்படிச் சமாளிக்க அது உண்டாக்கிக்கொள்கிற வேதிப்பொருட்கள்தான் பெரும்பாலும் நமக்கு மருந்து.

அதனால்தான் நிழலில் தொட்டி வைத்து யூரியாவும் போட்டு வளர்த்த துளசி இலை அகலமாக, பார்க்க அழகாக இருக்கும், கசக்கினால் வாசனை சுமார்தான். அதற்காக எல்லாச் செடியையும் பட்டினி போடக் கூடாது. சில செடிகளில் மருந்தாக வேலை செய்கிற ஆல்கலாய்டு வகைப் பொருட்களில் நைட்ரஜன் இருப்பதால் யூரியா போன்ற நைட்ரஜன் உரம் அவற்றைக் கூட்டவும் செய்யலாம். நித்தியகல்யாணி வேரில் தண்ணீர்த் தட்டுப்பாட்டால் ஆல்கலாய்டு கூடுகிறது, ஆனால் செடி குறுகிப்போவதால் வேரின் எடை குறையும். விவசாயிக்கு இது தலைவலிதான்.

மஞ்சளில் இரகமும் மண்ணும் மழையும் சேர்ந்து விளையாடுகின்றன. மஞ்சளுக்கு நிறத்தையும் மருந்துக் குணத்தையும் தரும் குர்குமின் ஈரோட்டு மஞ்சளில் சுமார் 3 சதவீதம், ஆலப்புழை மஞ்சள் என்று விற்பதில் 5 சதவீதத்துக்கு மேல். இத்தனைக்கும் அது விளைவது ஆலப்புழையில் இல்லை, தொடுபுழை, மூவாற்றுப்புழை பக்கம்!

நான் அதிகம் கவலைப்படுவது பேதி மருந்தான நிலாவாரையைப் பற்றி. உலகச் சந்தையில் திருநெல்வேலிப் பெயரிலேயே விற்கும் இலை இது. வறண்ட மண்ணில் நன்றாக வரும், வேரில் தண்ணீர் நின்றால் கெட்டுவிடும், வளரும்போது கனமழை அடித்தால் இலையின் தரம் இறங்கும். மலச்சிக்கலுக்கு "ஒரு கைப்பிடி" என்று அளந்து பழகியவர்களுக்கு ஒரு சரக்கில் ஒன்றும் ஆகாது, அடுத்த சரக்கில் வயிற்றைப் பிசைந்து பேதியாகும். வயதானவர்களுக்கு அப்படிப் போனால் உடம்பில் பொட்டாசியம் குறையும், இதய நோயாளிகளுக்கு அது ஆபத்து. கைப்பிடிக் கணக்கு வேண்டாம்.

நிலவேம்பை மொட்டு விட்டுப் பூக்கத் தொடங்கும் பருவத்தில் அறுக்க வேண்டும். கசப்புச் சத்தான ஆண்ட்ரோகிராஃபோலைடு இலையில்தான் அதிகம். காய் முற்றி இலை உதிர்ந்த பிறகு அறுத்தால் கையில் மிஞ்சுவது குச்சி. கடையில் கட்டு வாங்கும்போது இலை எவ்வளவு இருக்கிறது என்று பிரித்துப் பாருங்கள். கடைக்காரர் முறைப்பார், பரவாயில்லை.

வல்லாரையைச் சாக்கடை ஓரத்தில் பறிக்காதீர்கள். ஈரமான இடத்தில் தளதளவென்று வளரும், கூடவே மண்ணில் இருக்கும் ஈயம், காட்மியம் போன்றவற்றையும் உறிஞ்சிக்கொள்ளும். வயல் வரப்புக் கீழாநெல்லி என்றால் அங்கே களைக்கொல்லி அடித்தார்களா என்று கேட்டுவிட்டுப் பறிக்கவும்.

அப்புறம் உலர்த்துவது. சாரல் காலத்தில்தான் எங்கள் பக்கம் கீழாநெல்லி நிறைய முளைக்கும், அதே காலத்தில் ஒன்றும் காயாது. ஈரத்தோடு சாக்கில் கட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். சில பூஞ்சைகள் விடும் அஃப்ளாடாக்சின் கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சு. மஞ்சள் காமாலைக்கு மருந்து தேடுகிறவர் அதையே குடித்தால் என்ன ஆகும்? கொதிக்க வைத்தாலும் அது முழுதாகப் போகாது. காற்றோட்டமான நிழலில், கயிற்றுக் கட்டிலிலோ வலையிலோ மெல்லியதாகப் பரப்பி, தண்டை ஒடித்தால் 'சடக்' என்று முறியும்வரை காயவிடுங்கள். வெள்ளைப் பொட்டு தெரிந்தாலோ மக்கல் வாடை வந்தாலோ, தட்டிவிட்டு வைத்துக்கொள்ளலாம் என்று பார்க்காமல் குப்பையில் போட்டுவிடுங்கள்.