எகிறில் (ஈறில்) ரத்தம் வந்தால் பிரஷ்ஷை ஒதுக்காதீர்கள்

விடியும் முன்பே எங்கள் தேனி மாவட்டத்துக் கம்பம் ஊரில் ஜீப்புகள் நிறைந்துவிடும். கம்பம்மெட்டு மலைப்பாதை ஏறி, கேரளத்தின் வண்டன்மேடு, புளியன்மலைப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள். இறங்கி வர இருட்டிவிடும். அதனால் என் கிளினிக்குக்கு ஞாயிற்றுக்கிழமைதான் வருவார்கள், அதுவும் பல் ஆட ஆரம்பித்த பிறகு.

அப்படி வந்த ஒரு அக்காவுக்கு வயது 45 இருக்கும். "கீழ ரெண்டு பல்லு ஆடுது டாக்டரம்மா, புடுங்கி விட்டுருங்க" என்றார். பார்த்தால், கீழ் முன்பற்களின் உட்பக்கம் முழுக்கக் காரை, அதாவது பல்லில் கல்லாக இறுகிய அழுக்கு. பல் எது, காரை எது என்றே பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஈறின் ஆழத்தை அளக்க மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்று வைத்திருப்போம். நல்ல ஈறில் அது 3 மி.மீ. தாண்டாது. இவருக்கு 7 வரை இறங்கியது. வெளியே எடுத்ததும் ரத்தத்தோடு சீழும் கசிந்தது.

வலித்ததா என்று கேட்டேன். "வலியே இல்லையே. மூணு வருசமா எகிறுல ரத்தம் மட்டும் வரும். அதான் பிரஷ்ஷ விட்டுட்டு விரல்ல பொடி வச்சு லேசாத் தேச்சுக்கிட்டேன்."

இதே பதிலை வாரம் தவறாமல் கேட்கிறேன். ஒவ்வொரு முறையும் மனசு கஷ்டப்படுகிறது. பல்லும் ஈறும் சேரும் இடத்தில் பாக்டீரியா மெல்லிய பசைபோலப் படியும். காலையில் நகத்தால் சுரண்டினால் வெள்ளையாக ஒட்டி வருமே, அதுதான். தேய்க்காமல் விட்டால் எச்சிலில் உள்ள தாதுக்கள் சேர்ந்து அது கல்லாக இறுகிவிடும். ஈறு வீங்குவதும் ரத்தம் கசிவதும் அந்தக் கிருமிகளோடு உடம்பு போராடுவதால். இந்தக் கட்டத்தில் சுத்தம் செய்தால் ஈறு முழுசாகப் பழைய நிலைக்கு வந்துவிடும். விட்டுவிட்டால் பல்லைத் தாங்கும் எலும்பு கரையும். கரைந்த எலும்பு தானாக வளராது. ரத்தத்துக்குப் பயந்து தேய்ப்பதை விட்ட அந்த மூன்று வருடம்தான் அவருடைய எலும்பைத் தின்றது.

"கிளீன் பண்ணினா பல்லு ஆடும்னு சொல்றாகளே" என்றும் கேட்டார். எலும்பு போன பல்லைச் சுற்றி அந்தக் காரைதான் சிமெண்டு மாதிரிப் பிடித்துக்கொண்டு இருக்கும். அதை எடுத்ததும் ஏற்கெனவே இருந்த ஆட்டம் தெரிய வருகிறது, அவ்வளவுதான்.

ரத்தப் பரிசோதனைக்கும் அனுப்பினேன். சர்க்கரை இருந்தது, அவருக்கே தெரியாது. சர்க்கரை ஏறினால் ஈறு கெடும், ஈறில் சீழ் இருந்தால் சர்க்கரை இறங்க மறுக்கும். இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அப்புறம் புகையிலை. எப்போதும் ஒரே பக்கம் அதக்கினால் அந்த இடத்தில் ஈறு இறங்கி வேர் வெளியே தெரியும். அங்கே வெள்ளைத் திட்டோ, 2 வாரமாகியும் ஆறாத புண்ணோ இருந்தால் உடனே காட்டுங்கள்.

இன்னொன்று. பல்வலியோடு தாடைக்கு அடியில் வீங்கி, எச்சில் விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமாக இருந்தால் ஞாயிறு வரை பொறுக்காதீர்கள். மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு படுக்கவும் வேண்டாம். அன்று ராத்திரியே தேனிப் பக்கம் க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள். மலைமேல் இருந்தால், பக்கத்தில் எந்தப் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறதோ அங்கே.