விலை குறைந்த கட்டானாவும் எஃகைக் காக்கும் எண்ணெய்ப் படலமும்

ஜப்பானிய வாளைப் பராமரிக்கக் கற்றுக்கொள்ள விரும்புகிறவர் பழமையான வாள் ஒன்றில் அந்தப் பயிற்சியைத் தொடங்கக் கூடாது. கவனக்குறைவாகப் பதிந்த ஒரு கைரேகையோ, அழுத்தித் தேய்த்த ஒரு துணியோ பல நூற்றாண்டுப் பழமையுள்ள அலகின் மெருகில் அழியாத வடுவை விட்டுவிடலாம். அதைப் போக்க வேண்டுமானால் மெருகுக் கலைஞர் எஃகின் மேற்பரப்பையே மெல்லிதாகத் தேய்த்து எடுத்தாக வேண்டும். அப்படி எடுத்த எஃகு மீண்டும் வளராது. ஆகவே, காட்சிக்கு வைக்கவும் கை பழகவும் விலை குறைந்த கட்டானா, அதாவது ஜப்பானிய பாணி நீள வாள் ஒன்றை வாங்குவது நல்ல தொடக்கம்தான். ஆனால் விலை குறைந்த வாள்கள் எல்லாமே பயிற்சிக்கு உதவுவதில்லை. உறையின் வண்ணத்தையும் கைக்காப்பின் வேலைப்பாட்டையும் ஒதுக்கிவிட்டு, அலகு எந்த உலோகத்தால் ஆனது, கைப்பிடியைக் கழற்ற முடியுமா என்ற இரண்டு கேள்விகளைத்தான் வாங்குபவர் முதலில் கேட்க வேண்டும்.

ஜப்பானிலேயே வடிக்கப்படும் அசல் வாள்கள் குறைந்த விலைக்குக் கிடைக்காததற்குத் தெளிவான காரணம் உண்டு. 1958-ஆம் ஆண்டின் துப்பாக்கி, வாள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் உரிமம் பெற்ற கொல்லர்கள் மட்டுமே அங்கு வாள் வடிக்கலாம். உரிமம் பெற ஒரு கொல்லரிடம் ஐந்து ஆண்டுகளாவது பயின்றிருக்க வேண்டும். மாதத்துக்கு இரண்டு நீண்ட வாள்களுக்கு மேல் செய்ய அனுமதி இல்லை. அவர்கள் பயன்படுத்தும் தமாஹகானே என்ற எஃகோ, ஷிமானே மாகாணத்தில் 1977 முதல் மீண்டும் இயங்கிவரும் தத்தாரா உலையில் இரும்பு மணலையும் மரக்கரியையும் கொண்டு உருவாக்கப்படுவது. வெளிச்சந்தையில் 100 முதல் 300 டாலர் வரை விற்கும் கட்டானாக்களில் பெரும்பாலானவை சீனாவில், குறிப்பாக செஜியாங் மாகாணத்து லோங்சுவான் நகரில் செய்யப்படுகின்றன. வாள் தொழிலில் நெடிய மரபுள்ள ஊர் அது. அங்கிருந்து வருவதாலேயே ஒரு வாளை இளக்காரமாகப் பார்க்க வேண்டியதில்லை.

உலோகத்துக்கு வருவோம். மிக மலிவான வாள்கள் துருப்பிடிக்காத எஃகால், அதாவது எவர்சில்வர் வகையால் ஆனவை. அந்த எஃகில் பத்து சதவீதத்துக்கு மேல் கலந்திருக்கும் குரோமியம் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து, சில நானோமீட்டர் தடிமனுள்ள ஆக்சைடுப் படலமாக மேற்பரப்பை மூடிவிடுகிறது. கீறல் விழுந்தாலும் அந்தப் படலம் தானாகவே மீண்டும் உருவாகும். எண்ணெய் செய்ய வேண்டிய வேலையைக் குரோமியமே செய்துவிடுவதால், இந்த வாள் சுவரில் தொங்க ஏற்றது, பராமரிப்புப் பயிற்சிக்குப் பயனற்றது. இத்தகைய வாள்கள் பலவற்றில் கைப்பிடிக்குள் செல்லும் பகுதி, அலகோடு பற்றவைத்த ஒரு மெல்லிய கம்பி மட்டுமே. ஓங்கி வீசினால் பற்றவைத்த இடம் முறிந்து அலகு தனியே பறந்துவிடக்கூடும் என்பதால், அதை விளையாட்டாகக்கூட வீசக் கூடாது. ஜப்பானில் வாள் உருவும் கலையைப் பயில்வோர் வாங்கும் இயாய்தோ என்ற வாள், பெரும்பாலும் துத்தநாகமும் அலுமினியமும் கலந்த வார்ப்பு. கூர் தீட்ட முடியாத அதுவும் இரும்பைப்போலத் துருப்பிடிப்பதில்லை. காந்தத்தை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று சிலர் சொல்வதுண்டு. காந்தம் இயாய்தோவைப் பிரித்துக் காட்டும் என்பது சரிதான். ஆனால் வாள்களில் வழக்கமாகப் பயன்படும் எவர்சில்வர் வகைகளும் காந்தத்தில் ஒட்டும் என்பதால், அந்தச் சோதனையை மட்டும் நம்பி வாங்கக் கூடாது.

பயிற்சிக்கு வேண்டியது சாதாரணக் கார்பன் எஃகு. விற்பனை விவரத்தில் காணப்படும் 1045, 1060, 1095 ஆகிய எண்களின் கடைசி இரண்டு இலக்கங்கள் எஃகில் உள்ள கார்பனின் அளவைக் குறிக்கின்றன: முறையே 0.45, 0.60, 0.95 சதவீதம். கார்பன் கூடக் கூட எஃகை அதிகக் கடினமாக்கலாம். பதப்படுத்துவதில் தவறினால் நொறுங்கும் ஆபத்தும் கூடும். வெட்டுவதற்கு அன்றி எண்ணெயிட்டுப் பழகுவதற்கே வாள் என்றால் 1045 அல்லது 1060 தாராளமாகப் போதும். பல்லாயிரம் அடுக்குகளாக மடித்து அடித்த எஃகு என்ற விளம்பரத்துக்காகக் கூடுதல் பணம் தரவேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து. தமாஹகானேயில் கார்பன் ஒரே சீராகப் பரவியிருக்காது, கசடும் சிக்கியிருக்கும். அவற்றைச் சீராக்கவே ஜப்பானியக் கொல்லர்கள் எஃகை மடித்து மடித்து அடித்தார்கள். பத்து முறை மடித்தாலே 1,024 அடுக்குகள் ஆகிவிடும். இன்றைய ஆலை எஃகு தொடக்கத்திலேயே சீரானது என்பதால், அதை மடிப்பதில் கிடைப்பது கண்ணுக்கு அழகான ரேகை மட்டுமே.

அலகின் கூர்ப்பக்கத்தை ஒட்டி அலைபோல ஓடும் வெண்மையான கோட்டுக்கு ஹாமோன் என்று பெயர். வாளின் முதுகில் தடிமனாகவும் கூர்ப்பக்கத்தில் மெல்லிதாகவும் களிமண் பூசி, செந்தணலாகக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால், கூர்ப்பக்கம் நொடியில் குளிர்கிறது. அங்கே கார்பன் அணுக்கள் வெளியேற நேரமின்றி இரும்பின் படிக அமைப்புக்குள் சிக்கிக்கொள்ள, மார்ட்டென்சைட் என்ற மிகக் கடினமான கட்டமைப்பு உருவாகிறது. களிமண் போர்த்திய முதுகோ மெதுவாகக் குளிர்ந்து, மென்மையும் நெகிழ்வும் உள்ள பியர்லைட்டாக மாறுகிறது. மார்ட்டென்சைட்டின் கனஅளவு சற்றே அதிகம் என்பதால் கூர்ப்பக்கம் விரிந்து அலகை முதுகுப்பக்கமாக வளைக்கிறது. கட்டானாவின் அழகிய வளைவில் ஒரு பங்கு இப்படித் தோய்க்கும் நொடிகளில் பிறப்பது. மலிவான வாள்களில் பலவற்றின் ஹாமோன் அமிலத்தாலோ கம்பித் தூரிகையாலோ வரைந்த ஒப்பனைதான். விளக்கொளி சாய்வாக விழும்படி அலகைத் திருப்பிப் பார்த்தால், உண்மையான ஹாமோனுக்குள் நுண்ணிய மணிகள் மின்னுவதும் ஓரிடத்துக்கு ஓரிடம் மாறுவதும் தெரியும். போலியானது ஒரே அச்சில் திரும்பத் திரும்ப வரும் மங்கலான வெள்ளைப் பட்டையாக இருக்கும். பயிற்சிக்கு இது ஒரு குறையன்று. ஆனால் களிமண் பூசித் தோய்த்தது என்று சொல்லி அதிக விலை கேட்டால், இந்தச் சோதனையைச் செய்து பார்க்கத்தான் வேண்டும்.

எஃகு ஏன் துருப்பிடிக்கிறது என்பது தெரிந்தால், பராமரிப்பின் ஒவ்வொரு படிக்கும் காரணம் விளங்கிவிடும். அலகின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் படிந்தாலே அங்கே ஒரு நுண்ணிய மின்கலம் தோன்றிவிடுகிறது. ஓரிடத்தில் இரும்பு அணு எலக்ட்ரான்களை இழந்து நீரில் கரைகிறது. அந்த எலக்ட்ரான்கள் உலோகத்தின் வழியாகவே பக்கத்து இடத்துக்குப் போய், நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனோடு வினைபுரிகின்றன. விளைவாக உருவாகும் துரு, காரை பெயர்ந்த சுவரைப்போல ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு, அடியில் உள்ள இரும்பையும் அரிக்க வழிவிடுகிறது. வியர்வையில் உள்ள உப்பு அந்த ஈரத்தின் மின்கடத்தும் திறனைக் கூட்டி அரிப்பை விரைவுபடுத்துவதால்தான், விரல் பட்ட இடத்தில் ரேகையின் வடிவத்திலேயே துரு பூக்கிறது. உறையை விட்டு எடுத்த வாளின் முன் பேசக் கூடாது என்பதும், வாளைக் கையாள்பவர் மடித்த தாள் ஒன்றை வாயில் கவ்விக்கொள்வதும் ஜப்பானிய வழக்கம். எச்சில் துளியும் மூச்சின் ஈரமும் அலகில் படாமல் காக்க அது உண்மையிலேயே உதவுகிறது.

இனி கைப்பிடி. அதை அலகோடு பிணைத்திருப்பது மெக்குகி என்ற மூங்கில் ஆணி. சிறிய பித்தளைச் சுத்தியலால் அதை ஒரு பக்கமிருந்து மெல்லத் தட்டி வெளியே தள்ள வேண்டும். பிறகு வாளைச் சற்றே சாய்த்து நிறுத்திக் கைப்பிடியின் அடிப்பகுதியை இடக்கையால் பற்றிக்கொண்டு, அந்த இடது மணிக்கட்டின் மேல் வலக்கை முஷ்டியால் குத்தினால், அதிர்வில் அலகு கொஞ்சம் கொஞ்சமாக மேலெழும்பித் தளரும். அதன்பின் கைக்காப்பையும், அலகின் கழுத்தைச் சுற்றியுள்ள செம்பு அல்லது பித்தளைப் பட்டையான ஹபாக்கியையும் கழற்றலாம். ஈரத்தின் முன்னிலையில் செம்பும் இரும்பும் தொட்டுக்கொண்டிருந்தால் இரும்புதான் அரிபடும் என்பதால், ஹபாக்கியின் அடியில் தேங்கும் ஈரம் ஆபத்தானது. கைப்பிடியைக் கழற்றாமல் அதைத் துடைக்க வழியில்லை. மலிவான வாள்கள் சிலவற்றில் கைப்பிடியைப் பசை ஊற்றி ஒட்டிவிடுகிறார்கள். வாங்கும் முன்பே இதை விற்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்; ஒட்டியிருக்கிறது என்றால் விட்டுவிடுவதே மேல்.

அலகைத் துடைக்கும்போது மென்மையான தாளை முதுகுப்பக்கமிருந்து மடித்துப் பிடித்து, கழுத்திலிருந்து முனை நோக்கி ஒரே திசையில் இழுக்க வேண்டும். கூர்ப்பக்கமிருந்து பிடித்தால் தாளோடு விரலும் வெட்டுப்படும். பழைய எண்ணெயை எடுக்க உச்சிகோ என்ற கல்மாவைப் பட்டுப் பொதியில் கட்டித் தட்டுவது மரபு. மெருகு தீட்டும் கல்லின் நுண்பொடியான அது எண்ணெயை உறிஞ்சும். ஆனால் எவ்வளவு நுண்ணியதாயினும் அது கல்தான், மெல்லிய கீறல்களை விடவே செய்யும். விலை குறைந்த பராமரிப்புப் பெட்டிகளில் வரும் மாவு இன்னும் கரடுமுரடாக இருக்கும். அதனால்தான் மதிப்புமிக்க வாள்களுக்கு நீரற்ற ஆல்கஹாலைப் பலரும் விரும்புகிறார்கள். மலிவான அலகின் பளபளப்பான பரப்பில் அந்தக் கீறல்கள் எப்படித் தோன்றுகின்றன என்று நேரில் பார்ப்பது, எவ்வளவு அழுத்தம் கூடாது என்பதைக் கைக்கு உணர்த்திவிடும்.

இறுதியாகப் பூசும் சோஜி எண்ணெய் இன்று பெரும்பாலும் லேசான கனிம எண்ணெய்தான். அதில் மணத்துக்காகச் சிறிது கிராம்பு எண்ணெய் சேர்த்திருக்கும். வீட்டிலுள்ள நல்லெண்ணெயைப் பூசலாமே என்று தோன்றும். ஆனால் அத்தகைய தாவர எண்ணெய்கள் நாளடைவில் ஆக்சிஜனோடு சேர்ந்து பிசுபிசுத்துக் கெட்டியாகும், அமிலத்தன்மையும் பெறும். பூசிய எண்ணெய் சொட்டாகத் திரளாமல், அலகு லேசாக நனைந்ததுபோல் தெரியும் அளவே போதும். மிகுதியான எண்ணெய் உறையின் மரத்தில் ஊறித் தூசியைச் சேர்த்துவைத்து, வாளை உருவும்போதெல்லாம் அலகைக் கீறும். பூசிய படலம் தானாகவே வடிந்தும் மெலிந்தும் போவதால், ஈரம் மிகுந்த பருவத்தில் அடிக்கடி புதுப்பிக்க வேண்டும்.

குளிரூட்டிய அறையில் காட்சிக்கு வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 32 பாகை செல்சியஸ் வெப்பமும் 75 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்று, ஏறத்தாழ 27 பாகைக்குக் குளிர்ந்தாலே நீர் விடத் தொடங்கும். 24 பாகையில் இருந்த அலகைச் சென்னை போன்ற கடற்கரை ஊரில் அப்படியே வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்தால், நிமிடங்களில் அதன் மேல் நீர்த்துளிகள் அரும்பிவிடும். உறையோடு வெளியே எடுத்து, அலகு வெளிக்காற்றின் வெப்பத்துக்கு வந்தபின் உருவுவதே சரி. தாங்கியில் கட்டானாவைக் கூர்ப்பக்கம் மேலே பார்க்கும்படி கிடத்துவது வழக்கம். எடை முதுகின் மேல் தாங்குவதால் கூர்ப்பக்கம் உறையின் உள்மரத்தில் உரசுவதில்லை.

இந்தியாவில் வாங்குபவர் தம் பகுதியின் சட்ட நிலையையும் விசாரித்துக்கொள்வது நல்லது; படைக்கலச் சட்ட விதிகள் வாள்களையும், 9 அங்குலத்துக்கு மேற்பட்ட அலகுள்ள கத்திகளையும் ஆயுத வகைக்குள் சேர்த்திருக்கின்றன, அரசு அறிவித்த பகுதிகளில் அவற்றுக்கு உரிமம் தேவை.

இவ்வளவுக்குப் பிறகும் அலகில் ஒரு துருப்புள்ளி தோன்றலாம். மலிவான வாளில் அதை எண்ணெயும் மிக நுண்ணிய உப்புத்தாளும் கொண்டு தேய்த்து எடுத்துப் பார்க்கலாம். புள்ளி மறையும்போது சுற்றியுள்ள மெருகும் எவ்வளவு மாறிவிடுகிறது என்பது கண்கூடாகத் தெரியும். பழமையான வாளில் அதே புள்ளியைக் கண்டால் எண்ணெய் மட்டும் பூசி, பயிற்சி பெற்ற மெருகுக் கலைஞரிடம் ஒப்படைக்க வேண்டும். கைப்பிடிக்குள் மறைந்திருக்கும் அடித்தண்டின் கருந்துருவையோ அவரும் தொடமாட்டார். வாளின் வயதைக் கணிக்க வல்லுநர்கள் பார்க்கும் முக்கியச் சான்றுகளில் அதுவும் ஒன்று.