நம் முகம் நமக்கு எவ்வளவு தெரியும்?

குரூப் போட்டோவில் மற்ற எல்லாரும் அவரவர் மாதிரியே இருக்க, நம் முகம் மட்டும் வேறு யாருடையதோ போலத் தெரியும். பக்கத்தில் நின்ற தோழியைக் கேட்டால் அவளுக்கும் அதே குறைதான்: "நீ நல்லாத்தான் இருக்கே, நான்தான் நல்லாவே இல்ல." இருவருமே பொய் சொல்லவில்லை.

முதல் காரணம் கண்ணாடி. எந்த முகத்திலும் இடப்பாதியும் வலப்பாதியும் ஒன்றுபோல இருப்பதில்லை. வகிடு ஒரு பக்கம், மச்சம் ஒரு பக்கம். சிரித்தால் ஓர் உதட்டோரம் சற்றுக் கூடுதலாக ஏறும். சிறு வயதிலிருந்து நாம் பார்த்துப் பழகியது இதன் இடவலம் மாறிய வடிவம். ஊரார் பார்ப்பது மாறாத வடிவம். 1977இல் அமெரிக்காவின் விஸ்கான்சின்-மில்வாக்கி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பெண்களைப் படமெடுத்து, ஒரே படத்தை நேராகவும் திருப்பியும் அச்சிட்டுக் காட்டினார்கள். படத்தில் இருந்தவர்களில் பெரும்பாலோர் திருப்பி அச்சிட்டதை விரும்பினார்கள். அவர்களுடைய நண்பர்களுக்கோ நேர்ப்படம்தான் பிடித்தது. அடிக்கடி பார்ப்பது பிடித்துப்போகும்; இங்கே நடப்பது அவ்வளவுதான்.

ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த ராபர்ட் கார்னீலியஸ் 1839இல் குடும்பத்து விளக்குக் கடையின் பின்புறம் கேமரா முன் தானே நின்று படமெடுத்துக்கொண்டார். கலைந்த தலை, கட்டிய கைகள், சட்டத்தின் நடுவில்கூட இல்லை. இன்று நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய தற்படங்களில் அதுவும் ஒன்று. அது டகரோடைப் என்ற ஆரம்பகாலப் புகைப்பட முறையில் எடுத்த படம். அதில் நெகட்டிவ் கிடையாது. லென்ஸ் விழுத்தும் பிம்பம் வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் இடவலம் மாறியே பதியும். ஆக, கார்னீலியஸ் அந்தத் தகட்டில் பார்த்தது தன் கண்ணாடி முகத்தைத்தான். இன்றைய செல்ஃபி கேமராவும் படமெடுக்கும்வரை கண்ணாடி முகத்தையே காட்டுகிறது. பல போன்கள் சேமிக்கும்போது அதை நேராக்கிவிடுகின்றன. கிளிக் செய்த மறுகணம் முகம் கோணலாகிவிட்டதாகத் தோன்றுவது இதனால்தான்.

அடுத்தது தூரம். இதைப் பலரும் கவனிப்பதில்லை, ஆனால் மனதை அதிகம் புண்படுத்துவது இதுதான். மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையே சுமார் 12 செ.மீ. இருப்பதாக வைத்துக்கொள்வோம். போனை 30 செ.மீ. தொலைவில் பிடித்தால் மூக்கு 30இல், காது 42இல். அருகில் இருப்பது பெரிதாகத் தெரியும் என்பதால், காதோடு ஒப்பிட மூக்கு 40 சதவீதம் பெருத்துப் பதியும். அதே போனை ஒன்றரை மீட்டர் தள்ளி வைத்தால் 150க்கு 162. பெருக்கம் 8 சதவீதம்தான். கண்ணாடியிலும் நாம் நினைப்பதைவிட அதிகத் தூரத்திலிருந்தே நம்மைப் பார்க்கிறோம். 40 செ.மீ. முன்னால் நின்றால், பிம்பம் கண்ணிலிருந்து 80 செ.மீ. தள்ளி இருக்கிறது. செல்ஃபியைப் பார்த்து மூக்கை அறுவை செய்துகொள்ளலாமா என்று யோசிப்பவர்கள் உண்டு. அவர்கள் தயவுசெய்து முதலில் போனை ஒரு ஸ்டூலில் வைத்து, டைமர் போட்டு, நாலடி தள்ளி நின்று எடுத்துப் பார்க்க வேண்டும்.

சரி, தூரமும் திசையும் சரியாக அமைந்த படத்தில் இருப்பதுதான் நம் உண்மை முகமா? கிளாஸ்கோ பல்கலைக்கழகக் குழு ஒன்று 2011இல் வெளியிட்ட ஆய்வில், நெதர்லாந்துப் பிரபலங்கள் இருவரின் படங்கள் தலா 20 எடுத்துக் கலந்து, ஆள்வாரியாகப் பிரிக்கச் சொன்னார்கள். அவர்களை அறியாத பிரிட்டன்காரர்கள் ஏழு, எட்டு, ஒன்பது பேர் இருப்பதாகப் பிரித்துவைத்தார்கள். நெதர்லாந்துக்காரர்கள் தயங்காமல் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு முகத்தை அறிவது என்றால், அது எப்படியெல்லாம் மாறும் என்று அறிவது.

இந்த வகையில் நம் முகத்தைப் பற்றிய நம் அறிவு குறைவு என்றே நினைக்கிறேன். கண்ணாடி முன் நாம் நிற்பது பெரும்பாலும் நேராக, தயார் நிலையில். பேச்சு நடுவே சிரிக்கும்போதும், பேருந்து வராத எரிச்சலிலும் நம் முகம் என்ன செய்கிறது என்பதை மற்றவர்களே பார்க்கிறார்கள். ஓவியர் அம்ரிதா ஷெர்கிலின் தந்தை உம்ராவ் சிங், இளமையிலிருந்து முதுமைவரை பல பத்தாண்டுகள் தன்னையே படமெடுத்து வந்தார். வெவ்வேறு உடையில், வெவ்வேறு கோலத்தில், ஒரே ஆள். தன் முகம் மாறும் எல்லையைத் தானே அளந்துகொள்ள இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை.

படம் எடுப்பதோடு முடிவதில்லை. எதை வைத்துக்கொள்வது என்பதிலும் மனம் புகுந்துவிடுகிறது. எப்லி, விட்சர்ச் என்ற உளவியலாளர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வில், ஒருவரின் படத்தை அழகான முகத்தோடும் அழகு குறைந்த முகத்தோடும் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, "இதில் எது நீங்கள்?" என்று கேட்டார்கள். மக்கள் அழகு கூட்டியதையே தம் படமாகத் தேர்ந்தெடுக்கும் போக்கு தெரிந்தது. அப்புறம், ஆஸ்திரேலியாவில் டேவிட் வைட் என்ற உளவியலாளரின் குழு, சிலரிடம் அவர்களுடைய படங்களிலிருந்தே தங்களைப் போலவே இருக்கும் படத்தைப் பொறுக்கச் சொன்னது. அதே படங்களிலிருந்து, அவர்களைச் சிறிய வீடியோவில் மட்டும் பார்த்த அந்நியர்களும் பொறுக்கினார்கள். அந்நியர் பொறுக்கிய படங்களை வைத்துத்தான் ஆளை அதிகச் சரியாக அடையாளம் காண முடிந்தது.

எனவே அடையாள அட்டைக்குப் படம் தேர்ந்தெடுக்கும்போது, உங்களை அதிகம் அறியாத ஒருவரிடம் கேளுங்கள். நெருங்கிய நண்பர் இதற்கு ஆகமாட்டார்: எப்லி குழுவின் ஆய்வில் நண்பரின் முகத்தையும் மக்கள் கொஞ்சம் அழகு கூட்டியே அடையாளம் கண்டார்கள், அதிகம் பழகாதவர் முகத்துக்கு மட்டும் அந்தச் சலுகை கிடைக்கவில்லை.