தவில் ஓய்ந்ததும் கேட்கும் சுருதி

சிங்கப்பூர் அராப் ஸ்திரீட் கடை ஒன்றில், என் மணிக்கட்டில் சென்ட்டை ஒருமுறை அடித்துவிட்டு, “நல்ல சந்தனம்கா” என்றார் கடைக்காரர். மோந்து பார்த்தேன். எலுமிச்சம்பழத் தோலைக் கிள்ளினால் வருமே, அந்த வாசம். சந்தனம் எங்கே என்று கேட்டதற்கு, “அரை மணி நேரம் போகட்டும், அப்புறம் பாருங்க” என்று சிரித்தார். விற்பனைப் பேச்சு என்று நினைத்தேன். வேதியியல்தான் பேசியிருக்கிறார்.

அடித்ததும் கை சில்லிட்டது அல்லவா, அது எத்தனால். புட்டியில் பெரும்பகுதி அதுதான். தோலின் 32, 33 டிகிரி வெப்பத்தைக் கொஞ்சம் பிடுங்கிக்கொண்டு ஒரு நிமிடத்துக்குள் பறந்துவிடும். அடுத்துத் தூக்கலாகத் தெரிவது பெர்கமோட் போன்ற எலுமிச்சை இனப் பழத்தோல் எண்ணெய். அதிலுள்ள லிமோனீனின் மூலக்கூறு எடை 136. சந்தனத்துக்கு மணம் தரும் சாண்டலாலின் எடை 220. கனமானது மெதுவாகத்தான் கிளம்பும்.

முதலில் பழம், பிறகு பூ, கடைசியில் மரம் என்று அட்டையில் போடுவதைப் படித்தால் எல்லாம் வரிசையில் நின்று போவதுபோல் தோன்றும். அப்படி வரிசை எதுவும் கிடையாது. முதல் நொடியிலிருந்தே எல்லாமும் ஆவியாகின்றன, வேகம்தான் வேறு. கல்யாண வீட்டில் தவில் முழங்கும்போதும் சுருதிப் பெட்டி ஒலித்துக்கொண்டுதான் இருக்கிறது. தவில் ஓய்ந்தால்தான் நம் காதுக்கு எட்டும். சந்தனமும் அப்படியே. கோவிலில் தரும் சந்தனத்தில் இந்தத் தவில் கிடையாது. தண்ணீர் விட்டு அரைத்த வைரக்கட்டை மட்டுமே என்பதால், வைத்த கணமே மணக்கிறது.

எடை மட்டுமே கணக்கு என்றும் சொல்ல முடியாது. வெனிலாவின் வெனிலின் எடை 152, லாவெண்டர் பூவிலுள்ள லினலூல் 154. ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் லினலூல் சீக்கிரம் போய்விட, வெனிலின் மணிக்கணக்கில் தங்குகிறது. வெனிலின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொள்வதுதான் காரணம். சாதாரண வெப்பத்தில் அது திரவம்கூட அல்ல, தூள்.

பேருந்தில் ஏறி உட்கார்ந்து மறுபடி மோந்தபோது எலுமிச்சை போயிருந்தது. வெதுவெதுப்பான, பால் கலந்தாற்போன்ற மரவாசம். சாண்டலாலிலேயே ஒரு பால்தன்மை உண்டு. அதைத் தூக்கிக் காட்டத் தயாரிப்பாளர்கள் லாக்டோன்களையும் சேர்ப்பார்கள். வெண்ணெயிலும் தேங்காயிலும் இயற்கையாகவே இருக்கும் வகை அது. லக்சா நூடுல்ஸ் கிண்ணத்தின் மேல் குனியும்போது வரும் தேங்காய்ப்பால் வாசத்தில் அவற்றுக்கும் பங்குண்டு.

நம் ஊர் வெக்கை இந்த நாடகத்தை வேகமாக ஓட்டுகிறது. சூடு கூடினால் ஆவியாகும் வேகமும் கூடும். காற்றில் ஈரம் அதிகம் என்பதால் வியர்வை காயாமல் வழிந்து, சென்ட்டையும் இழுத்துக்கொண்டு போகும். குளிர்சாதன அறையிலோ தோல் வறண்டுவிடுகிறது. வறண்ட தோலில் சென்ட் நிற்காது. சாண்டலால் எண்ணெயில் கரையும் பொருள், எண்ணெய்ப் பசை இருந்தால் அதில் ஒட்டிக்கொண்டு நிதானமாக வெளியேறும். லேசாகத் தேங்காய் எண்ணெய் தடவி அதன்மேல் அடித்துப் பாருங்கள். உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜ் ஊர் அத்தர்காரர்கள் ரோஜாவின் மணத்தைச் சந்தன எண்ணெயில் இறக்கிப் பிடித்ததும் இதே சூட்சுமம்தான். ஒருவர் தோலின் அமிலத்தன்மை மணத்தையே மாற்றிவிடும் என்பார்கள். சூட்டையும் எண்ணெய்ப் பசையையும் விட அதற்குப் பெரிய பங்கு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இங்கே ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். சந்தன மரத்தில் வைரம் பாயப் பத்துப் பதினைந்து ஆண்டுகளாவது ஆகும், விலையும் யானை விலை. அதனால் பல சென்ட்டுகளில் இருப்பது ஆய்வகச் சந்தனம். அதில் ஒன்று சாண்டலோர். மூக்கில் இருப்பதுபோன்ற மணத்தை உணரும் ஏற்பி ஒன்று நம் தோல் செல்களிலும் இருக்கிறது, சாண்டலோர் பட்டால் அது தூண்டப்பட்டுக் காயம் ஆறும் வேலை வேகமெடுக்கிறது என்று 2014இல் ஜெர்மனியின் போஹும் (Bochum) நகர ஆய்வாளர்கள் ஆய்வகத்தில் கண்டார்கள். அதற்காக யாரும் காயத்தில் சென்ட் அடித்துவிட வேண்டாம்.

வீட்டுக்கு வருவதற்குள் எல்லாம் போய்விட்டது, காசு தண்டம் என்று நினைத்துக்கொண்டே கதவைத் தட்டினேன். திறந்த கணவர், “என்ன, கோவிலுக்கா போயிட்டு வர்ற?” என்றார். ஒரே மணம் விடாமல் வந்தால் மூளை அதைக் கணக்கில் எடுப்பதை நிறுத்திக்கொள்கிறது. ஓய்ந்துபோனது என் மூக்குதான்.

மறுநாள் துவைக்க எடுத்த சட்டையின் கைமடிப்பில் சந்தனமும் வெனிலாவும் அப்படியே இருந்தன. அங்கே உடம்புச் சூடும் இல்லை, வியர்வையும் இல்லை. எலுமிச்சை மட்டும் பொட்டுக்கூட இல்லை.